பின்னட்டையை ஒப்பிக்கும் பிள்ளைகள்

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களை, வாரம் இரண்டு பேராக, படித்த நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறேன். எங்கிருந்தோ எடுத்த கதைச்சுருக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆசிரியர் குறிப்பு, கதைச்சுருக்கம், கருத்து, குரல் வளம் என்று மதிப்பெண்ணும் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறேன். இந்தத் தலைமுறைக்கு வாசிப்பே வராதா?
- ஓர் ஆசிரியை

பதில்: தலைமுறையை விடுங்கள், முதலில் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம். ஆசிரியர் குறிப்பு பின்னட்டையில் இருக்கிறது. கதைச்சுருக்கம் பாதி அங்கேயே கிடைக்கும், மீதி இணையத்தில். கருத்தை முன்னுரைக்காரர் சொல்லிவிட்டார். குரல் வளத்துக்குப் புத்தகமே வேண்டாம். ஆக, நூலைத் திறக்காமலே முழு மதிப்பெண் வாங்க வழி போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அந்த வழியில் போகிறார்கள்.

சுருக்கம் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரடெரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுத வைத்தார். 1932இல் வெளியான அவருடைய நூலில் அந்த விவரம் இருக்கிறது. எழுத எழுதக் கதை சுருங்கியது. பழக்கமில்லாத விஷயங்கள் உதிர்ந்தன. தோணி வெறும் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. அதாவது, உண்மையாகவே படித்த பிள்ளை சுருக்கிச் சொன்னாலும், அந்தக் கதைக்கு மட்டுமே உரியவைதான் முதலில் காணாமல் போகும். எஞ்சுவது எந்தக் கதைக்கும் பொருந்துகிற எலும்புக்கூடு. படித்தவரும் படிக்காதவரும் உங்கள் வகுப்பில் ஒரே மாதிரி பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தகத்தைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அங்கே ஏன் நின்றோம் என்று மட்டும் சொல்லட்டும். "அண்ணன் கடைசி வரைக்கும் மன்னிப்பு கேட்கவே இல்ல டீச்சர், ஆனா தங்கச்சியோட சைக்கிளைத் துடைச்சு வச்சிருக்கான்" என்று ஒரு பையன் சொன்னால், அவன் படித்திருக்கிறான், சந்தேகமே வேண்டாம். முடிவை மட்டும் சொல்லக் கூடாதென்று ஒரு விதி வையுங்கள். கேட்கிறவர்களில் ஒருவராவது அந்தப் புத்தகத்தை இரவல் கேட்க வேண்டாமா?

முழுப் பேச்சையும் எழுதி வர விடாதீர்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்தால், ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் அம்போதான். உள்ளங்கை அளவு சீட்டில் நாலைந்து சொற்களும் பக்க எண்களும் போதும். நடுவில் தடுமாறி யோசித்தால் யோசிக்கட்டும், குறுக்கே புகுந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"பிடிக்கவில்லை, 40ஆம் பக்கத்தோடு மூடிவிட்டேன்" என்பதும் நல்ல பேச்சுதான், எந்த இடத்தில் சலித்தது என்று காட்டினால். இதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துப் பாருங்கள், அடுத்த வாரமே எல்லோருக்கும் எல்லாப் புத்தகமும் பிடித்துவிடும்!

அப்புறம், பேசி முடித்த பிள்ளையிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லையே. "சரி, அடுத்தது யார்?" என்பதோடு நின்றால், கைதட்டலுக்கு மேல் அங்கே ஒன்றும் நடக்காது. விடை உங்களுக்கும் தெரியாத ஒரு கேள்வியாவது கேளுங்கள். வருகிற வாரம் அந்த ஐந்து நிமிடத்தை நீங்களே எடுத்துக்கொண்டு பேசிக் காட்டலாம். போன மாதம் ஏதாவது படித்திருந்தால் வசதி.