"இருபது பேர் போல" என்றால் எத்தனை பேர்?

கேள்வி: எங்கள் பகுதியில் இருபது பேர் போலத் தெருவோரத்தில் படுக்கிறார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நான்கு வருடமாக ஞாயிறுதோறும் சாப்பாட்டுப் பொட்டலமும், குளிருக்குப் போர்வையும் கொடுத்து வருகிறோம். எண்ணிக்கை குறைந்தபாடில்லை. ஊராகச் சேர்ந்து இதற்கு ஒரு முடிவு கட்ட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் "இருபது பேர் போல" என்கிறீர்களே, அந்தப் "போல"வில்தான் சிக்கல். பதினேழா, இருபத்து நாலா? பெயரென்ன? போன வருடம் பார்த்தவர்களில் யார் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், யார் புதிது? பொட்டலம் கொடுக்க இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. வீடு பிடித்துக் கொடுக்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்டு என்றொரு நகரம். அங்கே தனித்தனியாக உதவிக்கொண்டிருந்தவர்கள் ஒரே பெயர்ப் பட்டியலை வைத்து வேலை செய்யத் தொடங்கினார்கள். 2015இல் முன்னாள் ராணுவத்தினரிடையேயும், 2017இல் நெடுநாள் தெருவில் கிடந்தவர்களிடையேயும் வீடின்மையை ஏறக்குறைய இல்லாமல் செய்தார்கள். அதற்குப் பிறகு யாருமே வீடிழக்கவில்லை என்று அர்த்தமில்லை. இழந்தவரைச் சீக்கிரமே மறுபடி ஒரு வீட்டில் சேர்த்துவிடும் ஏற்பாடு அங்கே இருந்தது.

பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு: ஆண், வயது 58, பேருந்து நிலையப் பின்சுவர் ஓரம், மூன்று வருடம், அடையாள அட்டை தொலைந்தது, காலில் ஆறாத புண். கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம்: யார் பொறுப்பு, அடுத்த வேலை என்ன. அட்டை வாங்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்காரரோ அட்டையைக் கேட்பார். தெருவில் இருப்பவர் இந்த வட்டத்தைத் தனியாக உடைக்க முடியாது. கூட அலைய ஒரு ஆள் வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுங்கள். உள்ளாட்சி அலுவலர், மருத்துவமனைச் சமூகப் பணியாளர், காவலர், வழிபாட்டுத் தலத்தார், வீடு வாடகைக்கு விடுபவர் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொரு பெயராக எடுத்து, "போன தடவை சொன்னது நடந்ததா?" என்று கேட்டால் போதும். முதல் இரண்டு கூட்டம் சங்கடமாகத்தான் இருக்கும்.

"முதலில் குடியை விடட்டும், அப்புறம் வீடு பார்ப்போம்" என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் சொல்வார். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் இதைத் தலைகீழாக்கினார்: நிபந்தனையில்லாமல் முதலில் வீடு, கூடவே சிகிச்சை. பின்லாந்து 2008இல் இதையே தேசியத் திட்டமாக்கியது. ஹெல்சிங்கியில் 250 படுக்கை கொண்ட இரவுத் தங்குமிடம் ஒன்றையே இடித்துக் கட்டாமல் உள்ளே மாற்றியமைத்து, சுமார் 80 தனி வீடுகளாக்கினார்கள். தெருவில் படுத்துக்கொண்டு குடியை விடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. தனியறையின் அமைதி தாங்காமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. முதல் சில மாதம் வாரம் இரண்டு தடவையாவது யாராவது போய்ப் பார்த்து வர வேண்டும். வீட்டுச் சொந்தக்காரருக்கும் பயம் இருக்கும். முன்பணத்துக்குப் பொது நிதி திரட்டுங்கள். அதைவிட, ராத்திரி பதினொரு மணிக்குத் தகராறு என்றால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். பல வீட்டுக்காரர்கள் அதற்குத்தான் இளகுவார்கள்.

மருத்துவமனையும் சிறையும் போக்கிடமில்லாதவரை வெளியே அனுப்புவதற்கு முன் உங்கள் குழுவுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு பெயரை அடிக்க அடிக்க இன்னொன்று ஏறிக்கொண்டே இருக்கும்.

வரும் ஞாயிறு பொட்டலத்தோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். எதற்கு எழுதுகிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிட்டு, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மறுபடி போங்கள்.