ஒப்படைப்பு அறிக்கை மட்டும் போதாது

வணக்கம். 11 வருடம் சுயஉதவிக் குழுக்களைப் பார்த்துக்கொண்ட கள ஒருங்கிணைப்பாளர் 30 நாளில் வேலையை விட்டுக் கிளம்புகிறார், ஒப்படைப்பு அறிக்கை வாங்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நாங்கள் வாங்கிய 40 பக்கத்தை யாரும் புரட்டவே இல்லை!

அவர் இடத்துக்கு வரும் புதியவரை இன்றே கிளம்புகிறவரின் வண்டியின் பின்னால் ஏற்றிவிடுங்கள். எந்த ஊரில் யாரிடம் முதலில் பேசணும், எந்தக் குழுவில் உள்கடன் (உறுப்பினர்களுக்குக் குழுவே தரும் கடன்) ஏன் நின்றது, எந்த வங்கி மேலாளர் குழுவின் தீர்மான நோட்டைக் கேட்பார் என்பதெல்லாம் டீக்கடையில்தான் வாயில் வரும். மாலையில் கிளம்புகிறவரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். அமெரிக்க ராணுவம் 1970களில் கொண்டுவந்த நாலு கேள்விகள் இங்கும் உதவும்: என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த முறை எப்படி?

வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின் பொறுப்பையும் மாற்றிவிடுங்கள். நாங்கள் கோட்டைவிட்டது அதில்தான்.