வயதான ஸ்ட்ரைக்கரைப் பழைய கிளப் திரும்ப எடுக்கலாமா? கேள்வி பதில்

ஒரு காலத்தில் கோலாகப் போட்டுத் தள்ளிய ஸ்ட்ரைக்கர், 34, 36 வயதில் பழைய கிளப்புக்கே திரும்பி வருவது சரியா என்று இந்த வாரம் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். இன்று அதற்கு மட்டும் பதில். ஆடிய காலத்தில் நானும் ஃபார்வர்டு, இப்போது மாவட்ட லீக் அணி ஒன்றுக்கு கோச். ஃபேன்டஸி டீம் யோசனையும் முழங்கால் வலிக்கு மருந்தும் என்னிடம் கேட்க வேண்டாம்.

சிவப்புச் சட்டை: கோச், ஒரே வரியில் சொல்லுங்கள். எடுக்கலாமா, கூடாதா?

பதில்: எடுக்கலாம். ஆனால் அவருக்கு என்ன வேலை என்று கையெழுத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், ஒப்பந்தம் ஒரு சீசனைத் தாண்டக் கூடாது.

மிலன் பித்தன்: 38 வயதில் இப்ராஹிமோவிச்சை மிலன் எடுத்தபோது பலர் சிரித்தார்கள். கடைசியில் லீக் பட்டமே வந்தது. அது எப்படி நடந்தது?

பதில்: நான் அதிகம் பார்த்துப் படித்த கதை இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன். 2019 டிசம்பர் 22 அன்று பெர்காமோவில் அட்டலான்டா, மிலனை 5-0 என்று நொறுக்கியது. ஐந்தே நாளில் இப்ரா வருகிறார் என்று அறிவித்தார்கள். ஒப்பந்தம் அந்த சீசன் முடியும்வரை, அதாவது ஆறு மாதம். அப்போது மிலன் அணியில் லியாவோவுக்கும் டொன்னாரும்மாவுக்கும் 20 வயது. தியோ ஹெர்னாண்டஸுக்கும் பென்னாசருக்கும் 22. திறமை இருக்கிறது, ஆட்டம் கையை விட்டுப் போகும்போது பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

இப்ரா வந்ததும் அதற்கு ஒரு விலாசம் கிடைத்தது. 195 செ.மீ. உயரம். பின்னாலிருந்து தூக்கி அடிக்கும் பந்தை மார்பில் வாங்குவார், முதுகால் டிஃபெண்டரை அண்டவிடாமல் நிறுத்துவார், பக்கத்தில் ஓடிவரும் பையனுக்குத் தட்டிவிடுவார். இந்த வேலைக்கு வேகம் வேண்டியதில்லை, உடம்பும் கண்ணும் போதும். முதல் அரை சீசனில் லீக்கில் 18 ஆட்டம், 10 கோல். அடுத்த சீசனில் 19 ஆட்டம், 15 கோல்.

எல்லோரும் அந்த 15ஐப் பார்க்கிறார்கள். நான் 19ஐப் பார்க்கிறேன். லீக்கில் மொத்தம் 38 ஆட்டம், பாதியில் அவர் இல்லை. மிலன் நிர்வாகமும் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் 2021 கோடையில் செல்சியிலிருந்து ஜிரூவை அழைத்துவந்தார்கள். பட்டம் வென்ற 2021-22 சீசனில் இப்ராவுக்கு லீக்கில் 8 கோல், ஜிரூவுக்கு 11. பிப்ரவரியில் ஒரே ஊர் அணிகள் மோதும் டெர்பியில் இன்டர் 1-0 என்று முன்னால் இருந்தபோது சில நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பியவர் ஜிரூ. பட்டத்தை மிலன் வென்றது வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில். வயதானவரை எடுக்கிற கிளப் அவர் ஆடாத நாளுக்கும் ஆள் எடுக்க வேண்டும். மிலன் அதைச் செய்தது.

அப்புறம் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் இப்ராவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அந்த சீசனில் லீக்கில் 4 ஆட்டம், ஒரு கோல். அந்த ஒரு கோலில் 41 வயதில் இத்தாலிய லீக்கான சீரி ஆ வரலாற்றின் மிக மூத்த கோலடித்தவர் ஆனார் என்பது வேறு விஷயம். கால்பந்துக் கணக்கில் அந்தக் கடைசி வருடம் தேவையே இல்லை.

ஆர்சனல் தம்பி: அண்ணா, 2012இல் ஹென்றி ஆர்சனலுக்குத் திரும்பி வந்தது ரசிகர்களைச் சந்தோஷப்படுத்தத்தானே?

பதில்: இல்லை தம்பி. நான் பார்த்ததிலேயே கச்சிதமாகத் திட்டமிட்ட மறுவருகை அதுதான். ஷமாக்கும் ஜெர்வின்யோவும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போகிறார்கள், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் முன்வரிசையில் ஆள் குறைவு. ஹென்றி அப்போது ஆடிய நியூயார்க் அணியின் லீக் குளிர்கால விடுமுறையில் இருக்கிறது, 34 வயது ஹென்றி ஆர்சனல் மைதானத்திலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். கோச் வெங்கர் அவரை இரண்டு மாத லோனில், அதாவது கடனாக, சேர்த்துக்கொண்டார். முதன்மை ஸ்ட்ரைக்கர் வான் பெர்சிதான், அந்த சீசனில் அவர் லீக்கில் மட்டும் 30 கோல்.

லீட்ஸ் அணிக்கு எதிராக ஹென்றி போட்ட கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சாங் பாஸ் கொடுப்பதற்கு முன்பே ஹென்றி பெட்டியின் இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார். ஓட்டம் மூன்று நான்கு எட்டுதான். முதல் தொடுதலில் பந்து காலுக்கு முன்னால் விழுகிறது, உடம்பைத் திறந்து வலது பாதத்தின் உட்பக்கத்தால் தூரத்து மூலைக்குத் தள்ளுகிறார். இளம் வயதில் அதே இடத்துக்கு முப்பது மீட்டர் ஓடி வருவார், இப்போது முன்கூட்டியே போய் நிற்கிறார்.

அடுத்தது சண்டர்லேண்ட் ஆட்டம். இஞ்சுரி டைமில் அர்ஷாவின் கிராஸில் அவர் போட்ட கோலால் 2-1 வெற்றி. அந்த சீசன் முடிவில் ஆர்சனலுக்கு 70 புள்ளி, டாட்டன்ஹாமுக்கு 69. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஒரே புள்ளி. செல்சி மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக்கை வென்று அடுத்த வருடத்துக்கான இடத்தைப் பிடித்ததால் நான்காம் இடத்தில் இருந்த டாட்டன்ஹாமின் சாம்பியன்ஸ் லீக் இடம் பறிபோனது. ஹென்றியின் அந்த கோல் இல்லாவிட்டால் ஆர்சனலுக்கு 68தான், அந்த அடி ஆர்சனல் மேல் விழுந்திருக்கும். இரண்டு மாத லோனில் வேறென்ன வேண்டும்?

நீலச் சிங்கம்: மியூனிக் என்றதும் ட்ரோக்பா ஞாபகம். 2014இல் செல்சி அவரைத் திரும்ப எடுத்தது வீண்தானே? லீக்கில் 4 கோல்தான்.

பதில்: வீண் இல்லை. 36 வயது, ஒரு வருட ஒப்பந்தம், கோச் மோரின்யோவே கேட்டு வாங்கிய ஆள். கோல் போடும் வேலை டியேகோ கோஸ்டாவுக்கு, அவர் 20 போட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் கோஸ்டா இல்லாத நாளில் கார்னரில் தலையால் கோல் போட்டது ட்ரோக்பா. அந்த வருடம் செல்சி சாம்பியன். வேலை தெளிவாக இருந்தது, காலமும் தெளிவாக இருந்தது.

ஜிம் பையன்: 38 வயதில் ஓட எந்த சப்ளிமெண்ட் சார் நல்லது?

பதில்: டாக்டரிடம் போங்கள்.

வியாசர்பாடி விங்கர்: கோச், பயிற்சியில் பார்த்தே ஒரு ஸ்ட்ரைக்கர் முடிந்துவிட்டாரா என்று சொல்ல முடியுமா?

பதில்: நல்ல கேள்வி. ஷூட்டிங் பயிற்சியைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கோலுக்கு அடிக்கும் திறமை கடைசியில்தான் போகும், 45 வயதிலும் வலை கிழியும். நான் பார்ப்பது அடுத்தடுத்த ஓட்டங்களை. முதல் ஸ்பிரிண்ட் எல்லோருக்கும் வரும். இருபது விநாடி விட்டு இரண்டாவது, மறுபடி மூன்றாவது ஓடச் சொல்லுங்கள். மூன்றாவதில் தோள் மேலே ஏறுகிறதா, முதல் எட்டு சிறிதாகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது திரும்பும் வேகம். மூன்றாவது, ஞாயிறு ஆடியவர் புதன்கிழமை பயிற்சிக்கு வரும்போது எப்படி நடக்கிறார் என்பது. வாரம் ஒரு ஆட்டம் என்றால் சமாளிப்பார். வாரத்தில் மூன்று என்றால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.

ஏழாம் நம்பர்: கடைசியில் ரொனால்டோ 2021இல் மான்செஸ்டர் யுனைடெட் திரும்பியது தோல்வி என்றுதான் சொல்லப்போகிறீர்கள். 36 வயதில் எல்லாப் போட்டியும் சேர்த்து 24 கோல், லீக்கில் 18. சாலாவும் சன்னும்தான் அவருக்கு மேலே. இது தோல்வியா?

பதில்: ரொனால்டோவின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் ஐந்து ஆட்டத்தில் 6 கோல். வில்லாரியாலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில், அட்டலான்டாவுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும். அவர் இல்லாவிட்டால் யுனைடெட் அந்தக் குரூப்பைத் தாண்டியிருக்காது. டாட்டன்ஹாமுக்கு எதிரான ஹேட்ரிக் அந்த வருடம் பிரீமியர் லீக்கில் பார்த்த சிறந்த தனி ஆட்டங்களில் ஒன்று.

ஆனால் அணியைப் பாருங்கள். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் இரண்டாம் இடம், 74 புள்ளி, 73 கோல். அவர் வந்த சீசனில் ஆறாம் இடம், 58 புள்ளி, 57 கோல்.

சிவப்புச் சட்டை: அதுதான் நானும் சொல்கிறேன்! அவர் வந்ததும் முன்னால் பிரஸ்ஸிங்கே, அதாவது எதிரணியை ஓடி நெருக்குவதே, போய்விட்டது.

ஏழாம் நம்பர்: அணி வாங்கிய கோலும் 57. டிஃபென்ஸ் ஓட்டையாக இருந்ததற்கு ஸ்ட்ரைக்கர் என்ன செய்வார்? வாட்ஃபோர்டிடம் 4-1 தோற்றதும் கோச் சோல்ஷரை அனுப்பிவிட்டார்கள், ராங்னிக் வந்தார். குழப்பம் முழுக்க மேலே.

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். எதிரணி சென்டர் பேக், அதாவது நடு டிஃபெண்டர், பந்தை வாங்குகிறார். ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடி, இன்னொரு சென்டர் பேக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அடைத்தால் பந்து ஒரே பக்கம் சிக்கிக்கொள்ளும், பின்னால் இருப்பவர்கள் தைரியமாக மேலே வரலாம். ஸ்ட்ரைக்கர் நடந்தால் அந்த வேலைக்கு மிட்ஃபீல்டர் ஒருவர் கிளம்புவார், அவர் விட்டுவந்த இடத்தில் எதிரணியின் பாஸ் விழும், டிஃபென்ஸ் பின்வாங்கும். ஆகவே வாங்கிய 57 கோலில் ஸ்ட்ரைக்கருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. 36 வயதுக்காரரிடம் தொண்ணூறு நிமிடமும் அப்படி ஓடச் சொல்வதும் நியாயம் இல்லை. அவர் ஓட மாட்டார் என்று தெரிந்தால் மற்ற பத்துப் பேரையும் அதற்கேற்ப அடுக்க வேண்டும். யுனைடெட் அடுக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில், மான்செஸ்டர் சிட்டி அவரை எடுக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அவசரமாக முடித்த டீல் அது. 34 வயது கவானிக்கு மே மாதம்தான் ஒரு வருடம் நீட்டியிருந்தார்கள். வயதான இரண்டு ஸ்ட்ரைக்கர்கள், இருவருக்கும் தனித்தனி வேலை இல்லை.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் மூன்று மாற்று வீரர்கள்தான். இத்தாலியில் 2020 முதல் ஐந்து. இப்ராவை 60ஆம் நிமிடத்தில் எடுப்பது மிலன் கோச் பியோலிக்கு எளிதாக இருந்தது. இங்கிலாந்தில் அந்த வசதி நிரந்தரமாக 2022-23இல்தான் வந்தது.

சிவப்புச் சட்டை: அடுத்த சீசனில் டாட்டன்ஹாம் ஆட்டத்தில் இறங்க மறுத்து, முடியும் முன்பே கிளம்பிப் போனாரே. அதையும் நிர்வாகத்தின் தலையில் போடுவீர்களா?

பதில்: அது அவர் செய்த தப்பு, மறுக்க மாட்டேன். ஆனால் ஏன் அந்த நிலை வந்தது? ஒப்பந்தம் இரண்டு வருடம், மேலும் ஒரு வருடம் நீட்டும் வாய்ப்போடு. புதிய கோச் டென் ஹாக் வந்தபோது, தான் கேட்காத 37 வயது நட்சத்திரம் அவர் கையில் இருந்தார். 2022 கோடையில் ரொனால்டோவே கிளம்ப விரும்பினார். ஒரு வருட ஒப்பந்தமாக இருந்திருந்தால் 24 கோலோடு கைகுலுக்கிப் பிரிந்திருப்பார்கள். நவம்பர் 22 வரை இழுத்து, கசப்போடு அனுப்பினார்கள். அதனால்தான் ஒரு சீசனுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏழாம் நம்பர்: அவர் போன பிறகும் பட்டம் வரவில்லையே.

பதில்: மூன்றாம் இடமும் லீக் கோப்பையும் வந்தன, ராஷ்ஃபோர்ட் எல்லாப் போட்டியும் சேர்த்து 30 கோல் போட்டார். இதோடு ரொனால்டோ பேச்சு போதும், இன்னும் நிறைய பேர் காத்திருக்கிறார்கள்.

கோல்டன் பூட்: ரொனால்டோவை யுனைடெட் எடுத்தது சரியா சார்?

பதில்: மேலே முழுதாக எழுதியிருக்கிறேன்.

டாஃபி ரசிகன்: 2017இல் ரூனி எவர்டன் திரும்பியது பற்றி? 31தானே, வயதும் அதிகம் இல்லை.

பதில்: லீக்கில் 10 கோல். ஆள் சரி, அணி அமைப்பு தப்பு. லுகாகுவை விற்றுவிட்டு ரூனி, சிகுர்ட்சன், கிளாசன் என்று ஒரே இடத்தில் ஆடும் மூன்று பேரை வாங்கினார்கள். முன்னால் ஓட ஆளில்லை. அடுத்த கோடையில் ரூனி அமெரிக்கா போய்விட்டார்.

பெங்களூரு நீலம்: சுனில் சேத்ரி? 40 வயதில் பெங்களூரு எஃப்சிக்கு ஆடியது இளைஞர்களின் இடத்தைப் பறித்தது இல்லையா?

பதில்: 2024-25 ஐஎஸ்எல்லில் 14 கோல், இந்திய வீரர்களில் அவர்தான் முதல். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹேட்ரிக். சில ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து இறங்கினார், முகம் சுளிக்கவில்லை. கிளப் எடுத்த முடிவு சரி. இடம் பறிபோகிறது என்கிற இளைஞர் பயிற்சியில் அவரைத் தாண்டிக் காட்டட்டும். ஆனால் 2024 ஜூனில் விடைபெற்றவரை 2025 மார்ச்சில் தேசிய அணி திரும்ப அழைத்தது எனக்கு வருத்தம். அந்த ஒன்பது மாதத்தில் அடுத்த ஸ்ட்ரைக்கரைத் தயார் செய்யவில்லை என்பதை அந்த அழைப்பே காட்டிக்கொடுத்தது.

ஹேட்ரிக் ஹீரோ: எத்தனை வருட ஒப்பந்தம் கொடுக்கலாம்?

பதில்: ஒன்று. இது மூன்றாவது தடவை.

நெய்தல் எஃப்சி: எங்கள் ஊர் அணிக்கு முன்பு ஆடிய அண்ணன் ஒருவர், வயது 37, வளைகுடாவிலிருந்து வந்துவிட்டார். செயலாளர் டோர்னமெண்டுக்கு அவரைச் சேர்க்கச் சொல்கிறார், கூட்டம் வருமாம். எங்கள் கோச் வேண்டாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: கோச் கேட்காத ஆளை யாரும் திணிக்கக் கூடாது, அது மிலனானாலும் உங்கள் ஊரானாலும். முதலில் கோச்சும் அந்த அண்ணனும் தனியாகப் பேசட்டும். கடைசி இருபது நிமிடம் இறங்கவும், கார்னருக்கு மேலே போகவும், பெஞ்சில் உட்காரவும் அவருக்குச் சம்மதமா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். சம்மதம் என்றால் இரண்டு வாரம் பயிற்சிக்கு வரட்டும், அந்த மூன்று ஸ்பிரிண்டையும் ஓடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கோச் சேர்த்தால் சேரட்டும். பழைய ஒன்பதாம் நம்பர் சட்டையை இப்போது போட்டிருக்கும் பையனிடமிருந்து மட்டும் வாங்கிவிடாதீர்கள்.