இரட்டைப் பகா எண் நிரூபணங்கள் எங்கே உடைகின்றன?

11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லை என்று நண்பர் ஒருவர் சல்லடை முறையில் (சிறு பகா எண்களின் மடங்குகளை நீக்கி, மிஞ்சுவதை எண்ணும் முறை) நிரூபித்திருக்கிறார், அதில் பிழை இருந்தால் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராக, பின்னங்களைப் பெருக்கும் இடத்துக்குப் போங்கள். நான் படித்துப் பார்த்த இப்படிப்பட்ட முயற்சிகளில் பெரும்பாலானவை அங்கேதான் உடைந்தன.

10,000 வரை உள்ள பகா எண்களையே எடுத்துக்கொள்வோம். 2-இன் மடங்குகளை நீக்கினால் பாதி மிஞ்சும். 3-இன் மடங்குகளையும் நீக்கினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. இப்படியே 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களுக்கும் பெருக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 1,203 வரும். உண்மையில் சல்லடையில் மிஞ்சுபவை 1,205. இவ்வளவு நெருக்கமாக வந்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் இதே கணக்கைப் பத்து லட்சத்துக்குப் போட்டால் சுமார் 81,000 வருகிறது. உண்மை விடை 78,331. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாகவே காட்டும்.

காரணம் இதுதான். 10,000 வரை 3-இன் மடங்குகள் 3,333. பின்னக் கணக்கு 3,333.33 என்கிறது. அந்தச் சிறு துணுக்கை விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் 6-இன் மடங்குகள் இரண்டு முறை நீக்கப்பட்டதால் திரும்பச் சேர்க்க வேண்டும், 30-க்கு மறுபடி நீக்க வேண்டும். 25 பகா எண்களுக்கு இப்படி 3,35,54,432 உறுப்புகள்! ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு பிழை இருக்கலாம். எண்ண வந்ததோ வெறும் பத்தாயிரத்தை. துணுக்குகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும், சரி. எவ்வளவு என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். பலர் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இது புதிதாக வருபவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2003-இல் கணிதவியலாளர்கள் டான் கோல்ட்ஸ்டனும் ஜெம் யில்டிரிமும் பகா எண்களுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளிகளைப் பற்றி ஒரு நிரூபணத்தை அறிவித்தார்கள். ஆண்ட்ரூ கிரான்வில்லும் சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜனும் அந்த முறையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்கள். நம்பவே முடியாத அளவுக்கு வலுவான முடிவு வந்தது. சந்தேகப்பட்டுத் தோண்டியபோது, சிறியது என்று ஒதுக்கியிருந்த ஒரு பிழை உறுப்பு (விட்டுப்போன துணுக்குகளின் தொகுப்பு), விடையின் பெரும்பகுதியைத் தர வேண்டிய முதன்மை உறுப்பின் அளவுக்கே பெரிதாக இருந்தது. கோல்ட்ஸ்டனும் யில்டிரிமும் அதோடு விட்டுவிடவில்லை. 2005-இல் யானோஷ் பின்ட்ஸுடன் சேர்ந்து வேறு வழியில் அதை நிரூபித்தே விட்டார்கள். இடைவெளி 7 கோடிக்குள் இருக்கும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று 2013-இல் யிடாங் ஜாங் காட்டியது அதன் மேல் நின்றுதான். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அந்த 2003 அறிவிப்புக்கு அடுத்த ஆண்டே, 2004-இல், ரிச்சர்ட் ஆரென்ஸ்டார்ஃப் என்ற கணிதவியலாளர் இரட்டைப் பகா எண்களுக்கே 38 பக்க நிரூபணம் வெளியிட்டார். ஒரு துணைத் தேற்றத்தில் ஜெரால்ட் டெனன்பாம் பிழை கண்டதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அப்புறம், பிழை உறுப்பைக் கட்டுப்படுத்திவிட்டாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. ஓர் எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஒற்றைப்படையில் உள்ளனவா, இரட்டைப்படையில் உள்ளனவா என்பதைச் சல்லடையால் மட்டும் பிரித்தறிய முடியாது. கணிதவியலாளர் அட்லே செல்பெர்க் காட்டிய தடை இது. நண்பரின் நிரூபணத்தில் சல்லடையைத் தவிர வேறு எதுவுமே இல்லையென்றால் அது இங்கே முட்டி நின்றுவிடும்.

கிரான்வில், சௌந்தரராஜன் செய்தது போல நீங்களும் அந்த வாதத்தை வேறொன்றின் மேல் ஓட்டிப் பாருங்கள். ஜோடிகளை விட்டுவிட்டு, தனிப் பகா எண்களை மட்டும் அதே படிகளில் எண்ணச் சொல்லுங்கள். அந்த 12 சதவீதம் கூடுதல் வந்து நின்றால், துணுக்குகளை எந்த வரியில் விட்டார் என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.