அப்பா பறந்த மைல்ஸ் மகனுக்குச் சேருமா? வாசகர் கேள்வி – பதில்

என் மகன் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் போய் வர டிக்கெட் போடுவது அவன்தான், பணமும் அவனுடையதுதான். அப்படியானால் அந்த மைல்ஸ் எல்லாம் அவன் கணக்கில்தானே சேரும்?
– வாசகர், நங்கநல்லூர்

சேராது சார். மைல்ஸ் என்பது பறந்ததற்காக விமான நிறுவனம் தரும் புள்ளி, போதிய அளவு சேர்ந்தால் அதை வைத்து டிக்கெட் எடுக்கலாம். காசு கொடுத்தவருக்கு அது கிடையாது, சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான். மகனுக்குக் கிடைப்பது அவர் கிரெடிட் கார்டில் விழும் புள்ளிகள் மட்டும், அது வேறு கணக்கு. நீங்கள் இருவரும் எந்த விமான நிறுவனத்தின் கிளப்பிலும், அதாவது மைல்ஸ் சேர்க்கும் திட்டத்திலும், உறுப்பினராக இல்லையென்றால், மீனம்பாக்கத்திலிருந்து நெவார்க் வரை அத்தனை மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்ததற்கான மைல்ஸ் யாருக்கும் இல்லாமல் போய்விடும். சேருவதற்குக் கட்டணம் கிடையாது. ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே முகவரியை இரண்டு பேருக்கும் கொடுத்தால் பல நிறுவனங்களின் தளம் ஏற்காது.

மகனிடம் சொல்லி அடுத்த டிக்கெட் போடும்போதே இருவரின் கிளப் உறுப்பினர் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் செக்-இன் கவுன்டரில் சொல்லலாம். அங்கேயும் மறந்துவிட்டால் ஊர் வந்த பிறகு கேட்கலாம், பல நிறுவனங்கள் ஆறு மாதம் வரை அவகாசம் தருகின்றன. அதற்கு இ-டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் தேவைப்படும். அதனால் மைல்ஸ் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

நாங்கள் வீட்டில் ஐந்து பேர், மாமியாரையும் சேர்த்து. ஒருமுறை துபாய் வழியாக, ஒருமுறை தோஹா வழியாக, ஒருமுறை சிங்கப்பூர் என்று போய், எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் மைல்ஸ் கிடக்கிறது. ஒன்றாகச் சேர்க்க முடியுமா?
– வாசகி, போரூர்

கிடப்பது மூன்று தனித்தனி நிறுவனங்களில் என்றால், அவற்றை ஒரே கணக்கில் கொட்ட முடியாது. ஒரே நிறுவனத்துக்குள் குடும்பத்தினர் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நம் ஊரிலிருந்து அதிகம் பேர் போகும் வழிகளை மட்டும் பார்ப்போம்.

எமிரேட்ஸில் 'மை ஃபேமிலி' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, எட்டுப் பேர் வரை சேரலாம். யார் எவ்வளவு பங்கு போடுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம், நூறு சதவீதமும் போடலாம். ஆனால் சேர்ந்த பிறகு வரும் மைல்ஸ்தான் பொதுக் கணக்குக்குப் போகும், ஏற்கனவே கிடப்பது அவரவர் கணக்கிலேயே இருக்கும். அதனால் இன்றைக்குப் பயணத் திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் குடும்பக் கணக்கை இப்போதே திறந்து வையுங்கள். கத்தார் ஏர்வேஸிலும் குடும்பக் கணக்கு உண்டு. அங்கே மைல்ஸுக்குப் பெயர் ஏவியோஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் அதே ஏவியோஸ்தான். ஒருவரின் இரண்டு கணக்குகளையும் இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இங்குமங்கும் மாற்றிக்கொள்ளலாம். தோஹா வழியாகவும் லண்டன் வழியாகவும் மாறி மாறிப் போகும் குடும்பங்களுக்கு இதைவிட வசதி வேறு இல்லை என்பேன்.

பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஹவுஸ்ஹோல்டு கணக்கில் தலைவரையும் சேர்த்து ஏழு பேர். பெயரே சொல்கிறபடி, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காக வந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: பொதுக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தால் ஒருவரிடமிருந்து மட்டும் கழிக்க மாட்டார்கள், யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் எல்லோரிடமிருந்தும் போகும். உங்கள் மாமியாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டுக்கு நல்லது. லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் ஏற்பாட்டில் இரண்டு பெரியவர்களும் ஐந்து குழந்தைகளும்தான், மாமியாருக்கு இடமில்லை! அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2024-ல் குடும்பக் கணக்கைத் தொடங்கியது. ஐந்து பேர், சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆனால் தொடங்கியபோது பொதுவில் போட்ட மைல்ஸை யுனைடெட்டின் சொந்த விமானங்களுக்கு மட்டுமே செலவழிக்கலாம் என்று வைத்தார்கள். ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பிலும் குடும்பக் கணக்கு உண்டு. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டதால், பழைய கிளப் விஸ்தாரா புள்ளிகள் வைத்திருந்தவர்கள் அங்கேதான் தேட வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கதை வேறு. அதன் கிளப்பான கிரிஸ்ஃப்ளையரில் குடும்பமாகச் சேர்க்க முடியாது, ஆனால் ஐந்து பேரை நாமினியாகப் பதிந்துகொண்டு உங்கள் மைல்ஸில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். சேர்ந்த மைல்ஸ் 36 மாதத்தில் காலாவதியாகும், பிள்ளைகள் கணக்கில் கிடக்கும் சில்லறை மைல்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் அழிகிறது. எமிரேட்ஸிலும் மூன்று வருடக் கணக்குதான், உங்கள் பிறந்த மாதத்தின் கடைசியில் கழித்துவிடுவார்கள். ஏவியோஸில் நிம்மதி அதிகம், 36 மாதத்துக்குள் ஒருமுறை ஏதாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ போதும், முழுக் கணக்கும் உயிரோடு இருக்கும்.

என்னைக் கேட்டால், இனிமேல் ஒரே வழியைப் பிடியுங்கள். நூறு, இருநூறு ரூபாய் குறைகிறதே என்று ஒவ்வொரு முறையும் வேறு நிறுவனத்துக்குத் தாவினால் எதிலும் ஒரு டிக்கெட்டுக்கான மைல்ஸ்கூடத் தேறாது. அதே சமயம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் குறைவாகக் கிடைக்கும்போது மைல்ஸுக்காக விலை கூடிய டிக்கெட் வாங்குவதும் அசட்டுத்தனம்.

டிக்கெட்டில் எண் சரியாகத்தான் போட்டிருந்தோம், என் மனைவிக்கு ஏறியது, எனக்கு ஏறவில்லை. ஏன்?
– வாசகர், அம்பத்தூர்

நூற்றுக்குத் தொண்ணூறு, இனிஷியல்தான் காரணமாக இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும். கிளப்பில் சேரும்போது 'எஸ். முருகன்' என்று பழக்கத்தில் போட்டிருப்பீர்கள், பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்று இருக்கும், டிக்கெட்டை ஏஜென்ட் 'சுப்பிரமணியன் முருகன்' என்று போட்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். கிளப் கணக்கு, டிக்கெட் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எது சர்நேம், எது கிவன் நேம் என்பதுவரை அப்படியே இருக்க வேண்டும். பெயர் திருத்தத்துக்கு பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்வார்கள், அனுப்பிவிட்டு விட்டுப்போன மைல்ஸையும் கூடவே கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து சர்நேம் காலியாக இருப்பவர்களுக்கு மைல்ஸைவிடப் பெரிய தொல்லை உண்டு. 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம், விசிட் விசாவில் வரும் ஒற்றைப் பெயர்க்காரர்களை ஏற்பதில்லை, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் விட்டுவிடுகிறார்கள். துபாய் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெயர் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் டிக்கெட் வகையைப் பாருங்கள். சில மலிவு வகைகளுக்கும் குரூப் டிக்கெட்டுகளுக்கும் மைல்ஸ் ரொம்பக் குறைவு, சிலவற்றுக்குக் கிடையவே கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறைகூட விமானம் ஏறாத எங்களைப் போன்றவர்களுக்கு கிரெடிட் கார்டு வழியாக மைல்ஸ் சேர்ப்பது லாபமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டுகிறவர் என்றால் லாபம். பாக்கி வைக்கிறவர் என்றால் வேண்டவே வேண்டாம், மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டில் என்ன மைல்ஸ் வந்து என்ன? கணவருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆட்-ஆன் கார்டு வாங்கினால் எல்லோர் செலவின் புள்ளியும் முதல் கார்டுக்காரர் கணக்கில் சேரும், வங்கியே செய்து தரும் குடும்பக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையைக் கார்டில் கட்டிப் புள்ளி சேர்க்கும் வழியைப் பல வங்கிகள் அடைத்துவிட்டன. அப்புறம், புள்ளியை மைல்ஸாக மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது. அதனால் போக வேண்டிய தேதியில் மைல்ஸ் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஏப்ரல், மே விடுமுறைக்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னாலேயே பார்க்க வேண்டும். 'இலவச' டிக்கெட்டுக்கும் வரி, கட்டணம் எல்லாம் உண்டு, சில வழிகளில் அதுவே பல ஆயிரம் வரும்.

ஒன்றரை வயதுப் பேத்திக்கும் கணக்குத் திறக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

மடியில் உட்கார்ந்து போகும் குழந்தைக்குப் பொதுவாக மைல்ஸ் கிடையாது. இரண்டு வயது முடிந்து தனி சீட் வாங்கும்போது திறங்கள்.

மைல்ஸை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

கூடாது. மைல்ஸை விற்பதை நிறுவனங்கள் விதியிலேயே தடுத்திருக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை மூடி, மிச்ச மைல்ஸையும் எடுத்துக்கொள்வார்கள், அதில் போட்ட டிக்கெட்டையும் ரத்து செய்வார்கள். அதைவிட முக்கியம், அவர் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார், அந்தக் கணக்கில் உங்கள் பாஸ்போர்ட் விவரமும் இருக்கிறது.