வங்காளச் சமையல் பழக எதையெல்லாம் வாங்க வேண்டும்?

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றல் என்பதால் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி பக்கம் குடிவந்திருக்கிறோம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் அவர்கள் வீட்டுச் சமையலைப் பழக ஆசை. இணையத்தில் பதினைந்து மசாலா அடங்கிய பெட்டி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா? கடுகெண்ணெயைத் தெருமுனைக் கடையில் டின்னிலிருந்து அளந்து ஊற்றித் தருகிறார்கள், விலையும் குறைவு. அது போதுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி.

முதலில் பெட்டி. வங்காள வீடுகளில் அன்றாடச் சமையலுக்கு மசாலா அதிகம் செலவாவதில்லை. கடுகெண்ணெய், கருஞ்சீரகம், பாஞ்ச் போரோன் (ஐந்து விதைகள் சேர்ந்த தாளிப்புக் கலவை), மஞ்சள்தூள், பச்சைமிளகாய் இருந்தால் மசூர் தால், பேகுன் பாஜா (கத்தரிக்காய் வறுவல்), ஆலு சேத்தோ (உருளைக்கிழங்கு மசியல்), மாச்சேர் ஜோல் (மீன் குழம்பு) என்று ஒரு வாரம் ஓட்டிவிடலாம். ஏலம், பட்டை, கிராம்பெல்லாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்குத்தான். பெட்டியில் வரும் பாதிப் பொடிகள் வாசனை போகும்வரை அலமாரியில் கிடக்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே லேக் மார்க்கெட் இருக்கிறது. நம் ஊர்க் காய்கறிக்காக அங்கே எப்படியும் போவீர்கள். அங்குள்ள வங்காளி மளிகைக் கடையில் எதையும் ஐம்பது ஐம்பது கிராமாகக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கையை இறுக்காதீர்கள். இந்தச் சமையலின் ருசியே அதில்தான் இருக்கிறது. டின்னிலிருந்து ஊற்றும் எண்ணெயை நான் இவ்வளவு அழுத்தமாக மறுக்கக் காரணம் உண்டு. 1988-இல் இதே கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் கலப்பட எண்ணெய் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கைகால் செயலிழந்தது. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்ததால் உடல் வீங்கி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊற்றிக் கொடுக்கும் எண்ணெயில் தவறு நடந்தால் யாரைக் கேட்பது? உறையும் கிடையாது, தொகுதி எண்ணும் கிடையாது.

பாக்கெட்டில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: 'கச்சி கானி' (சூடாக்காமல் செக்கில் ஆட்டியது) என்ற சொல், அக்மார்க் முத்திரை, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி. கடுகெண்ணெயோடு வேறு எண்ணெயைக் கலந்து விற்பதற்கு 2021 ஜூன் 8 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. அதனால் கலப்பு எண்ணெய் என்று அச்சிட்ட எதையும் கடுகெண்ணெய் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் அளவு. ஒரு லிட்டர் கடுகெண்ணெயின் எடை சுமார் 910 கிராம். அதே உயரத்தில், அதே பளபளப்பில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். மொத்த விலையைப் பார்த்து 'மலிவு' என்று எடுத்தால் ஏமாந்துபோவோம். ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட்டிருப்பார்கள். அதை ஒப்பிடுங்கள்.

எண்ணெயில் காரம் இருக்கிறதா என்று பார்க்க ஆலு சேத்தோ செய்தாலே போதும். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் காய்ச்சாமல் பச்சையாகவே விட்டுப் பிசையுங்கள். மூக்கில் சுள்ளென்று ஏறினால் காரம் சரி, ஆனால் கலப்படம் இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மற்ற சமையலுக்கு, லேசாகப் புகை வந்து நிறம் வெளிறும்வரை காய்ச்சி, அடுப்பைக் குறைத்த பிறகே தாளியுங்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் பச்சை நெடி போகாது.

கேள்வி: பாஞ்ச் போரோன் பாக்கெட்டாக வாங்குவதா, வீட்டில் கலப்பதா?

பதில்: வீட்டில் கலந்துகொள்ளுங்கள். சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம் நான்கும் நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஐந்தாவது ராந்துனி. வங்காளத்துக்கு வெளியே அது கிடைப்பது அரிது, பதிலுக்குக் கடுகு போடுவார்கள். ஓமத்தைப் போடாதீர்கள், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மணம் வேறு. ஐந்தும் சம அளவு. வெந்தயம் கசக்கிறது என்றால் அதைப் பாதியாக்குங்கள். பொடிக்காமல் முழுசாகவே தாளிக்க வேண்டும்.

கேள்வி: மாணிக்தலா மார்க்கெட்டில் ஒன்றரைக் கிலோ ரோகு மீன் வாங்கி, வெட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நிறுத்தால் ஒரு கிலோதான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? அடுத்த வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள், இலிஷ் (ஹில்சா மீன்) வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அநேகமாக ஏமாற்று இல்லை. முழு மீனை எடைபோட்ட பிறகுதான் செதில் எடுத்து, குடல் நீக்கி வெட்டுவார்கள். தலையையும் கழித்தால் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். ஆனால் தலைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்? வறுத்த பாசிப்பருப்போடு மீன்தலை சேர்த்து வைக்கும் தாலுக்கு வங்காள வீடுகளில் எவ்வளவு மதிப்பு தெரியுமா? அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.

பெரிய மீன் என்றால் இரண்டு விலை சொல்வார்கள். 'கோட்டா' என்றால் முழு மீன், 'காட்டா' என்றால் வெட்டிய துண்டு. துண்டு விலை கிலோவுக்கு அதிகம், ஆனால் கழிவு இல்லை. இரண்டு பேர் உள்ள வீட்டுக்குத் துண்டுதான் கட்டுப்படியாகும். வயிற்றுப் பகுதியான 'பேட்டி'யில் கொழுப்பும் ருசியும் அதிகம், முள் குறைவு. முதுகுப் பகுதியான 'காதா'வில் முள் அதிகம். பழகும்வரை பேட்டி கேளுங்கள்.

ஆந்திராவிலிருந்து பனிக்கட்டியில் வரும் மீனைச் 'சாலானி' என்பார்கள். தொட்டியில் உயிரோடு நீந்துவதைவிட அது மலிவு. நன்றாகப் பனியில் வைத்திருந்தால் சாலானியிலும் தவறில்லை. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பாக இருந்து, விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பினால் வாங்கலாம். மீன் வைக்கும் முன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இலிஷை விருந்துக்கு எடுத்துவிடாதீர்கள். அதன் முள் ரோம அளவில் மெல்லியது, பழக்கமில்லாத விருந்தாளி திண்டாடிப்போவார். விலையும் ஒரு கிலோவைத் தாண்டிய மீனுக்குச் சட்டென்று ஏறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று குட்டி இலிஷும் வேண்டாம். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்க மேற்கு வங்கத்தில் தடை இருக்கிறது. குட்டிகளை வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பவர்களும் இருப்பார்கள்.

ரோகுவிலேயே ஜோல் வையுங்கள். துண்டுகளில் உப்பு, மஞ்சள் தடவிக் கால்மணி நேரம் வைத்து, காய்ந்த கடுகெண்ணெயில் இருபுறமும் பொரித்தெடுங்கள். அதே எண்ணெயில் நீளமாக வெட்டிய உருளைக்கிழங்கை வதக்கி எடுத்து, கருஞ்சீரகமும் கீறிய பச்சைமிளகாயும் தாளித்து, மஞ்சள், அரைத்த சீரகம் சேர்த்துத் தண்ணீர் விடுங்கள். கிழங்கைப் போட்டு, அது வெந்ததும் மீனை இறக்கி ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். புளி கிடையாது, தேங்காய் கிடையாது. குழம்பு நீர்க்கத்தான் இருக்கும். அதுதான் பதம்.

கேள்வி: ஆலு போஸ்தோ (கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்குக் கறி) செய்ய இணையக் கடை ஒன்றில் தள்ளுபடியில் ஒரு கிலோ கசகசா வாங்கினேன். ஊறவைத்தால் பாதி ரவை மாதிரி உப்புகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். இன்னொன்று, துபாயில் இருக்கும் என் தங்கைக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஆபத்தானது. கொடுத்தனுப்பவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சமையலுக்குத்தான் என்று விளக்கினாலும் விமான நிலையத்தில் எடுபடாது. தங்கை வெள்ளை எள்ளை அரைத்து உருளைக்கிழங்கில் போடட்டும். எள் அரைத்துச் சமைப்பதும் வங்காள வழக்கம்தான்.

சரி, உங்கள் ஒரு கிலோ. கசகசா அபினிச் செடியின் விதை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மட்டும் அரசு உரிமத்தோடு பயிராகிறது, மீதி இறக்குமதி. அதை விரும்பிச் சாப்பிடும் வங்காளத்தில் விலை எப்போதும் உச்சத்தில் இருக்கிறது. கலப்படம் நுழைவது அங்கேதான். ரவையும் கலப்பார்கள், தண்டுக்கீரை விதையும் கலப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள். கசகசா சிறுநீரக வடிவில், மேலே வலைபோன்ற கோடுகளோடு இருக்கும். கீரை விதை வழவழப்பான தட்டை உருண்டை.

பாக்கெட்டைத் தூக்கிப்போடாதீர்கள். உறை, தொகுதி எண், ரசீது, ஊறவைத்ததின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். 'தள்ளுபடிப் பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்ற நிபந்தனை கலப்படப் பொருளுக்குக் கேடயமாகாது.

இனி ஐம்பது கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். நான்கு உருளைக்கிழங்குக்கு அது தாராளம். எண்ணெய்ச் சத்துள்ள விதை என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், குளிர்பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: மே மாதத்தில் 'புது நோலேன் குர்' (ஈச்ச வெல்லம்) என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஈச்சமரத்துச் சாறு இறங்குவது குளிர்காலத்தில்தான். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை வாங்குங்கள். கட்டி வெல்லமான 'பாட்டாலி' விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். கல்போல இறுகி, உடைத்த இடத்தில் படிகம் மின்னினால் சர்க்கரை சேர்ந்திருக்கிறது. பாயசத்துக்கு கோபிந்தோபோக் அரிசி கிடைக்காத ஊரென்றால் சீரகச் சம்பா போட்டுக்கொள்ளலாம். பால் திரியாமல் இருக்க, அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு வெல்லத்தைச் சேருங்கள்.