தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி குடியை நிறுத்துமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் பெயின்டர். முன்பெல்லாம் சம்பள நாளில் மட்டும் குடிப்பார். இப்போது காலையில் எழுந்தாலே கை நடுங்குகிறது, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார், ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் பிளாக்கில் வாங்கி வைத்துக்கொள்கிறார். மாமியார் மின்சார ரயிலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறார். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்தால் குடி நின்றுவிடுமாம். என் அண்ணனோ, நாலு நாள் வீட்டில் வைத்துப் பூட்டினால் சரியாகிவிடும் என்கிறான். எதைச் செய்வது?
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. அந்தப் பொட்டலத்தை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. ஒருவேளை டைசல்ஃபிரம் என்ற குடிமறப்பு மருந்து இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? குடித்த சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அதன் பிறகுதான் முறிந்து வெளியேறும். இந்த மருந்து அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுகிறது. நச்சு ரத்தத்திலேயே தேங்கி நிற்க, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவராக இருந்தால் உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் இதன் வேலை தொடரும். நாங்களும் இதைக் கொடுப்பது உண்டுதான். ஆனால் ரத்தப் பரிசோதனை பார்த்து, நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான். தெரியாமல் கொடுத்தால், வழக்கம்போல் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொள்ளப் போகிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

அடுத்து, பூட்டி வைப்பது. தினமும் குடிக்கிறவரின் மூளை, சாராயம் அமுக்குகிற அமுக்கத்துக்கு ஈடாக எந்நேரமும் கூடுதல் விறுவிறுப்பில் ஓடப் பழகியிருக்கிறது. குடியைச் சட்டென்று நிறுத்தினால் அந்த விறுவிறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். காலையில் நீங்கள் பார்க்கும் கைநடுக்கம் அதன் ஆரம்பம்தான். கடைசியாகக் குடித்த 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்குக் குழப்பம் வந்துவிடும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கதவைத் திறக்க ஓடுவார், கூடவே காய்ச்சலும் வியர்வையும் இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிப்போட்டு மந்திரிக்கிற குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன், மனசு ஆறுவதில்லை. அது சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியபோது வார்னிஷைக் குடித்து இறந்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் தின்னரும் வார்னிஷும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்குமே, அதனால் சொல்கிறேன்.

அப்புறம், தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதித்து நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். எந்த டாக்டரிடம் போனாலும், தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று வெட்கப்படாமல் முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவுக்குப் போங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் மருத்துவமனை அது. முதல் சில நாள் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். அது முடிந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஆசையை அடக்கும் மருந்தும் கவுன்சலிங்கும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

எப்படிச் சம்மதிக்க வைப்பது? போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. காலையில், நிதானமாக இருக்கிற நேரத்தில், "இந்தக் கைநடுக்கத்தோட சாரத்துல ஏறாதீங்க, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்று கேட்டுப் பாருங்கள். குடியை நிறுத்து என்றால் எரிந்து விழுகிறவர்கள்கூட நடுக்கத்துக்கு மருந்து என்றால் வருகிறார்கள். அடிதடி இருந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.

கேள்வி: நான் ஹாட் தொடுவதே இல்லை, பீர் மட்டும்தான். தினமும் இரவு இரண்டு ஸ்ட்ராங் பீர். இது போதையில் சேராதுதானே?
– ஐ.டி. ஊழியர், பெருங்குடி

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் (ஆல்கஹால்) இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம். ஆக இரண்டு பாட்டில் என்பது ஒரு குவார்ட்டரைத் தாண்டிப் போகிறது, அதுவும் தினமும். கல்லீரலுக்கு அது பீரா பிராந்தியா என்பது தெரியாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த அளவை அப்படியே சொல்லி, கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டிப் பையனைப் படிக்க வைக்கிறேன். 19 வயது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். பையில் வலி மாத்திரை அட்டையும் சிரிஞ்சும் இருந்தன. நாங்கள் என்ன குறை வைத்தோம்? வெளியே சொன்னால் போலீஸ் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தகப்பன், புளியந்தோப்பு

பதில்: குறை உங்களிடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் ஐயா. எது ஆபத்து என்று எடைபோட்டு நிறுத்தும் மூளைப்பகுதி முழுதாக முதிர 25 வயது வரை ஆகும், இன்பம் தேடும் பகுதியோ அதற்கு வெகுமுன்பே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. கூட்டாளிகள், சுலபமாகக் கிடைக்கும் மாத்திரை, உள்ளே ஏதோ ஒரு மனச்சோர்வு, இத்தனையும் சேர்ந்தால் போதும், நல்ல வீட்டுப் பிள்ளையும் மாட்டிக்கொள்வான்.

சென்னையில் டாபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போடுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் கரையாத மாவும் பிசினும் உண்டு, அவை ரத்தக் குழாயை அடைத்துக் கையையே அழுகவைக்கலாம். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் அவசியம். அளவு மீறினால் மூச்சு குறைந்து நின்றுவிடும், மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவையே போடும் பையன்களுக்குச் சாவு ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். நிறுத்தும்போது மூக்கொழுகல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

போலீஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவமனையின் வேலை வைத்தியம் பார்ப்பது, பிடித்துக் கொடுப்பது அல்ல. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே, சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்ட அடிமைகூடத் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. எங்கே போவது என்று தெரியவில்லையா, 14446 இலவச எண்ணுக்கு இன்றே பேசுங்கள். அடிக்கிறோம், கட்டி வைக்கிறோம் என்று சொல்லும் மையம் எதிலும் பையனை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா குடித்தே இறந்தார். எனக்கு 24 வயது, விசேஷங்களில் மட்டும் குடிப்பேன். நண்பர்கள் எல்லோரும் சாய்ந்த பிறகும் நான் ஸ்டெடியாக நின்று அவர்களை வண்டி ஏற்றி அனுப்புவேன். எனக்கும் அப்பா மாதிரி ஆகுமா?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: ஆகியே தீரும் என்று இல்லை. ஆனால் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது. நீங்கள் பலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்த ஸ்டெடிதான் எனக்குக் கவலையைத் தருகிறது. எவ்வளவு குடித்தாலும் ஏறவில்லை என்கிறவர்கள்தான் பின்னாளில் அதிகமாக மாட்டுகிறார்கள், ஏனென்றால் போதும் என்று உடம்பு சொல்லும் சத்தம் அவர்களுக்குக் கேட்பதில்லை, அளவு ஏறிக்கொண்டே போகும். இப்போது நடுக்கமோ காலைக் குடியோ இல்லையென்றால் ஆஸ்பத்திரிகூட வேண்டாம், இந்த வயதிலேயே அடியோடு விட்டுவிடலாம். அடுத்த கல்யாண பார்ட்டிக்குப் போகும் முன்பே நண்பர்களிடம் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அப்பா எப்படி இறந்தார் என்று தெரிந்தவர்கள் யாரும் உங்கள் கையில் கிளாஸைத் திணிக்க மாட்டார்கள்.